சேர்ந்து அளப்பது

1986 நவம்பரில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் தெளிக்கக் கூடாதென்று ஒரே ஆணையில் தடைசெய்தார். அவர் இராணுவ ஆட்சியாளர். சிலந்திகளின் மேல் இரக்கம் வந்து செய்த காரியம் அல்ல அது. இரண்டு வருடங்களுக்கு முன்புதான் நாடு அரிசியில் தன்னிறைவு அடைந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெருமிதம் தணிவதற்குள் ஜாவாவின் வயல்கள் கருகத் தொடங்கின. காரணம் புகையான். நம் டெல்டா விவசாயிக்கு அறிமுகம் தேவைப்படாத பூச்சி அது. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வயல் வட்டவட்டமாகத் தீய்ந்துபோகும். மருந்தின் விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்ததால் தாராளமாக அடித்தார்கள். அடிக்க அடிக்கப் புகையான் கூடியது.

ஏன் கூடியது என்பதைப் பிலிப்பைன்ஸில் ஆய்வு செய்துகொண்டிருந்த பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியலாளர் 1970களின் இறுதியிலேயே காட்டியிருந்தார். மருந்து முதலில் தீர்த்துக்கட்டுவது புகையானைத் தின்று வாழும் சிலந்திகளையும் நாவாய்ப் பூச்சிகளையும்தான். தாள்களுக்குள் சொருகி வைத்த புகையான் முட்டைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவை பொரியும்போது எதிரியே இல்லாத வயல் காத்திருக்கும். அதாவது, விவசாயி காசு கொடுத்துத் தன் வயலில் புகையானுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

இது விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தது. அரசுக்கும் ஒருவழியாகத் தெரிந்தது. விவசாயிக்கு எப்படித் தெரிவிப்பது என்பதுதான் சிக்கல். இருபது வருடங்களாக ‘அடி’ என்ற கட்டளையைக் கேட்டுப் பழகியவரிடம் ‘அடிக்காதே’ என்றால் அதுவும் இன்னொரு கட்டளைதான். 1989-ல் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகள் இந்த இடத்தில் வேறு வழியைப் பிடித்தன. இருபத்தைந்து பேர் கொண்ட குழு, ஒரு போகம் முழுக்க வாரம் ஒருநாள் கூடும். ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்கித் தூர் தூராக எண்ணுவார்கள். பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை, பயிர் என்ன நிறம், தண்ணீர் எவ்வளவு, வானம் எப்படி. பிறகு கரையேறி, பார்த்ததைப் பெரிய தாளில் வரைந்து, மற்ற குழுக்களின் முன்னால் வைத்து வாதாட வேண்டும்: இந்த வாரம் மருந்து வேண்டுமா, வேண்டாமா?

நடத்துபவருக்கு ஒரு விதி இருந்தது. யாராவது ஒரு பூச்சியை உள்ளங்கையில் ஏந்தி வந்து ‘இது என்ன?’ என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. எங்கே பிடித்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தது, பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். அப்படியும் விளங்கவில்லையென்றால் ஒரு தொட்டியில் நெல்நாற்றை நட்டு, மேலே வலை கட்டி, சந்தேகத்துக்குரிய இரண்டு ஜீவன்களையும் உள்ளே விட்டுக் காத்திருக்க வேண்டும். யார் யாரைத் தின்றார்கள் என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடும். பத்து வருடங்களுக்குள் பத்து லட்சம் பேர் போல இப்படிப் படித்தார்கள்.

வலைத்தொட்டியைத்தான் எல்லோரும் வியந்து எழுதுவார்கள். எனக்கு அந்த வாதம்தான் முக்கியமாகப் படுகிறது. தனி ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் சிலந்தி புகையானைத் தின்பதை ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும், பக்கத்து வயல்காரர் தெளிப்பானை முதுகில் மாட்டியதும் இவருக்கும் கை பரபரக்கும். மருந்துக்கடைக்காரர் கேட்பார், மாமனார் கேட்பார். பயிர் போனால் ‘மருந்தடிக்கத் துப்பில்லாமல் விட்டான்’ என்ற பேச்சு காலத்துக்கும் நிற்கும். அடித்தும் போனால் விதி என்று சொல்லிக்கொள்ளலாம். இருபத்தைந்து பேர் ஒரே காட்சியை ஒரே நாளில் பார்த்து, ஒருவரையொருவர் மறுத்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான், அடிக்காமல் இருப்பது ஊருக்குள் மரியாதையான செயலாகிறது. அங்கே கற்றுக்கொள்ளப்பட்டது பூச்சியியல் மட்டுமில்லை.

காலநிலை மாற்றம் பற்றிய கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் ‘சமூகக் கற்றல்’ என்ற தொடர் இப்போது வெகுவாகப் புழங்குகிறது. பெரும்பாலும் அது பானர் கட்டிய மண்டபத்தில், தேநீர் இடைவேளைக்கு முன் ஒரு பவர்பாயிண்ட், பின் ஒரு குழு விவாதம், போகும்போது வருகைப்பதிவில் கையெழுத்து என்பதாக முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தொடருக்குப் பொருள் இருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சாட்சிகளில் சிலர் அந்தப் பூச்சிப் பள்ளியின் வாரிசுகள். அவர்கள் இந்தோனேசியாவில் இந்த்ரமாயு என்ற மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

மேற்கு ஜாவாவின் வடகரையில் இருக்கிறது இந்த்ரமாயு. நெற்களஞ்சியம். வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும் ஊர். 2003-ல் போகோர் வேளாண் பல்கலைக்கழகமும் வானிலைத் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து இங்கே ‘காலநிலை வயல்வெளிப் பள்ளி’ தொடங்கின. யோசனை நேர்மையானது. பூச்சிக்குச் செய்ததை மழைக்கும் செய்வோம், பருவ முன்கணிப்பைப் புரிந்துகொண்டு விவசாயி பயிர் முடிவெடுக்கட்டும் என்பதுதான். ஆனால் பூச்சிக்கும் மழைக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. புகையானைப் பிடித்துத் தொட்டியில் அடைக்கலாம். ‘இந்தப் பருவத்தில் மழை இயல்பைவிடக் குறைவாக இருக்கும்’ என்ற வாக்கியத்தை எந்தத் தொட்டியில் அடைப்பது? எந்த இயல்பு? யாருடைய இயல்பு? முன்கணிப்பு சில நூறு ஊர்களை ஒன்றாக்கிப் பேசுகிறது. விவசாயிக்கு இருப்பதோ ஒரு துண்டு வயல். பூச்சிப் பள்ளியில் பெயரைச் சொல்லாமல் காத்திருந்த ஆசிரியர், இங்கே வரைபடத்தைக் காட்டி விளக்குபவராக மறுபடி மாறவேண்டியதாயிற்று.

ஜாவாவில் வானத்தைப் படிப்பதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ப்ரனத மங்ஸ என்று பெயர். சூரிய ஆண்டைச் சமமில்லாத பன்னிரண்டு பருவங்களாகப் பிரிக்கிறது. சில பருவங்களுக்கு 23 நாள், சிலவற்றுக்கு 43 நாள். எந்த விண்மீன் எங்கே தெரிகிறது, எந்த மரம் இலை உதிர்க்கிறது, எந்தப் பூச்சி கத்துகிறது என்பவை ஒவ்வொன்றுக்கும் அடையாளம். சுரகர்த்தாவின் அரசர் ஏழாம் பாகுபுவன 1855-ல் இதை முறைப்படுத்தினார். ஆடிப்பட்டம் தேடி விதைத்தவர்களுக்கு இதன் தர்க்கம் எளிதில் பிடிபடும். விண்மீன் இன்றும் அதே இடத்தில்தான் வருகிறது, மழை வருவதில்லை. பழைய நாட்காட்டி கைவிட்டுவிட்டது, புதிய முன்கணிப்பு கைக்குள் அடங்கவில்லை என்ற இடைவெளியில்தான் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் யுனிதா வினார்தோ. வயல்வெளிப் பள்ளி விவசாயிகளோடு நெடுங்காலம் பழகி, அவர்களுக்குள் அறிவு எப்படிக் கைமாறுகிறது என்று எழுதியவர். இன்னொருவர் டச்சுக்காரரான வேளாண் வானிலையாளர் கீஸ் ஸ்டிக்டர். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர். 2016-ல் காலமானார்.

இவர்கள் விவசாயிகளிடம் வைத்த கோரிக்கை மிகச் சிறியது. ஒவ்வொருவரும் தம் வயலில் ஒரு மழைமானி வைத்துக்கொள்ளுங்கள்; தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள்; பயிர், மண், நீர், பூச்சி பற்றிக் கண்ணில் பட்டதையும் கூடவே எழுதுங்கள்; மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். ஸ்டிக்டர் பசிபிக் கடலின் வெப்பநிலையைப் பார்த்து வரும் மாதங்களில் மழை எப்படி இருக்கலாம் என்பதை எளிய மொழியில் எழுதி அனுப்புவார்; அது கைப்பேசிக் குறுஞ்செய்தியாக எல்லோருக்கும் போகும். யோக்யகர்த்தாவின் குனுங்கிடுல் பகுதியில் 2008-ல் தொடங்கி, அடுத்து இந்த்ரமாயுவுக்கு வந்தது இது. இந்த்ரமாயுக்காரர்கள் தங்களுக்கென்று மழை அளப்பவர்களின் சங்கம் ஒன்றே வைத்துக்கொண்டார்கள்.

மழைமானி ஒன்றும் பெரிய கருவி இல்லை. விழுந்த நீரை மில்லிமீட்டரில் சொல்லும், அவ்வளவுதான். அதைக்கொண்டு நாளைய மழையைச் சொல்லிவிட முடியாது. பிறகு எதற்கு வருடக்கணக்கில் விடிந்ததும் வரப்பில் நடந்து அளக்கிறார்கள்? ஒரு காரணம் வெளிப்படையானது. வெப்பமண்டல மழை துண்டு துண்டாகப் பெய்வது. ஒரு வயல் நனைந்திருக்கும், கூப்பிடு தூரத்தில் இன்னொன்று காய்ந்திருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாதக் கூட்டத்தில் நாற்பது நோட்டுகள் அருகருகே விரியும்போது, ‘நம்ம ஊர்ல மழை’ என்று ஒற்றையாகச் சொல்லிக்கொண்டிருந்தது உடைகிறது. இரண்டாவது காரணம் நினைவைப் பற்றியது. போன வருடம் இந்நேரம் எப்படி இருந்தது என்று கேட்டால், நினைவு எப்போதும் நஷ்டப்பட்ட நாட்களைத்தான் எடுத்துக் கொடுக்கும். நோட்டு அப்படியில்லை. ஒருவர் ‘எல் நினோ வருடத்தில் நிலம் இப்படித்தான் இருந்தது’ என்று சொன்னால், இன்னொருவர் பக்கத்தைப் புரட்டி ‘இல்லை, அந்த மாதம் நான்கு நல்ல மழை இருந்தது’ என்று மறுக்க முடிகிறது. மகசூல் குறைந்தது மழையாலா, தாமதமான நடவாலா, தேர்ந்த ரகத்தாலா என்று பிரித்துப் பேச முடிகிறது.

நோட்டுகள் எழுதியவர்களிடமே இருக்கும். ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை. இதை ஒரு சின்ன ஏற்பாட்டு விவரமாகக் கடந்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தரவு சேகரிப்பில் விவசாயியைக் கூலியில்லாத எடுபிடியாக வைத்துக்கொள்ளும் திட்டங்கள் உலகெங்கும் உண்டு. அவற்றின் பெயரிலும் ‘பங்கேற்பு’ இருக்கும். தன் எண் தன் கையில் இருந்தால்தான் அடுத்தவரிடம் அதை வைத்துச் சண்டை போட முடியும்.

இங்கிருந்து ஆந்திரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே அளக்கப்பட்டது எல்லோருக்கும் பொதுவானது. மழை அவரவர் வயலில் விழுகிறது. நிலத்தடி நீர் அப்படியில்லை. ராயலசீமாவும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் கடும்பாறைப் பகுதி. மேலே சிதைந்த பாறையடுக்கில் கொஞ்சம் நீர் நிற்கும், கீழே வெடிப்புகளில் கொஞ்சம். பெரிய சேமிப்புக்கு இடமே இல்லை. ஏறக்குறைய அந்தந்த வருட மழையே அந்தந்த வருடக் கையிருப்பு. நான் என் போரில் இறைப்பது உங்கள் போரிலிருந்து வருவது. நீங்கள் இன்னும் ஆழம் போட்டால் என்னுடையது காற்று வாங்கும்.

1990களின் நடுவில் நெதர்லாந்து அரசின் உதவியோடு சிறு விவசாயிகளுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்கும் திட்டம் ஒன்று இங்கே நடந்தது. போட்ட கிணறுகள் வற்றாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் பிறந்தது அடுத்த திட்டம். விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிப்பது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் பேர்ட்ஸ் என்ற தொண்டு நிறுவனமும் வேறு பல உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து, அனந்தப்பூர், சித்தூர், கடப்பா, கர்நூல், மகபூப்நகர், நல்கொண்டா, பிரகாசம் ஆகிய, அன்றைய ஆந்திரத்தின் ஏழு மாவட்டங்களில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் நடத்தினார்கள். படித்தவர் படிக்காதவர் என்றில்லாமல் மழைமானி பார்க்கவும், கண்காணிப்புக் கிணற்றில் அளவுநாடாவை இறக்கி நீர்மட்டம் எடுக்கவும் கற்றுக்கொண்டார்கள். எடுத்த அளவு ஊர் நடுவே ஒரு பலகையில் ஏறும்.

மழைக்காலத்துக்குப் பிந்தைய ரபி பருவம் தொடங்குமுன் ஒருநாள் எல்லோரும் கூடுவார்கள். காரிஃப் மழையில் பூமிக்குள் இவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு கணக்கு. யார் யார் எத்தனை ஏக்கரில் என்ன வைக்கப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல். அதற்கு இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று இன்னொரு கணக்கு. பல ஊர்களில் இரண்டும் ஒத்துவராது; வேண்டியது இருப்பதைவிடக் கூடுதலாக நிற்கும். திட்டத்தின் கெட்டிக்காரத்தனம் இந்த இடத்தில் அது எதுவும் செய்யாமல் இருந்ததில் இருக்கிறது. நெல் வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. அபராதம் இல்லை, பங்கீடு இல்லை, நெல்லை விட்டவருக்கு ஊக்கத்தொகையும் இல்லை. பற்றாக்குறை பலகையில் எழுதப்பட்டது, கூட்டம் கலைந்தது. பல ஊர்களில் அந்த ரபியில் நெல் குறைந்தது, நீர் குறைவாகக் கேட்கும் பயிர்கள் கூடின. உலக வங்கி 2010-ல் இந்திய நிலத்தடி நீர் பற்றி வெளியிட்ட அறிக்கை இதை ஒரு முன்மாதிரியாக எடுத்துப் பேசியது.

அந்தக் கூட்டத்தில் என்ன கற்றுக்கொள்ளப்பட்டது? தண்ணீர் இறங்குகிறது என்பது அங்கே யாருக்கும் புதிய செய்தி இல்லை. மோட்டார் நின்று நின்று ஓடுவதைக் கேட்டபடி தூங்காமல் படுத்திருந்தவர்கள் அவர்கள். ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்தவருக்கும் இது தெரியும், அவரும் இதற்காகக் கவலைப்படுகிறார் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அது தெரியாதவரை, நான் நெல்லை விட்டால் என் பங்குத் தண்ணீரும் அவர் நெல்லுக்குப் போகும் என்ற கணக்குதான் நியாயமானது. நம் தெருக்களில் சீட்டு நடக்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிடித்தவர் தொடர்ந்து கட்டுவது, எல்லோரும் கட்டுவதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால்தான். பலகை செய்தது அந்த வேலையை. எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு ஊருக்குப் பொருந்துகிற இது உலகத்துக்கும் பொருந்துகிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 125 நாடுகளில் ஏறக்குறைய 1,30,000 பேரிடம் எடுத்த கருத்தாய்வு ஒன்று 2024-ல் வெளியானது. புவி வெப்பமாதலைத் தடுக்க மாத வருமானத்தில் ஒரு விழுக்காடு கொடுக்கத் தயாரா என்று கேட்டதற்கு 69 விழுக்காட்டினர் தயார் என்றார்கள். உங்கள் நாட்டில் எத்தனை பேர் அப்படிச் சொல்வார்கள் என்று அவர்களையே கேட்டால் வந்த விடை சராசரியாக 43. மக்களுக்குத் தெரியவில்லை, விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று முப்பது வருடங்களாக அச்சடித்துக் கொண்டிருக்கும் துண்டறிக்கைகளைப் பற்றி இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம் சொல்வது நிறைய. குறை காலநிலை பற்றிய அறிவில் இல்லை. அண்டை வீட்டாரைப் பற்றிய அறிவில் இருக்கிறது.

ஆந்திரத்திலேயே பிறகு இந்தத் தண்ணீர்ச் சிக்கலை ஒரு விளையாட்டாகவும் செய்து பார்த்தார்கள். சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் சூழலியல் பாதுகாப்புக்கான அறக்கட்டளையும் சேர்ந்து 2010களில் நடத்தியது. ஐந்து பேர் ஒரு பொது நீர்க்கையிருப்பிலிருந்து எடுத்துப் பயிர் வைக்க வேண்டும். அதிக நீர் கேட்கும் பயிர் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும். ஒவ்வொருவரும் ரகசியமாக முடிவெடுக்க, மொத்தக் கையிருப்பு சுற்றுக்குச் சுற்று இறங்கும். முதலில் பேசக் கூடாது, பிறகு பேசலாம். பெண்கள் தனியாகவும் ஆண்கள் தனியாகவும் ஆடினார்கள். முடிந்ததும் ஊரே கூடி ஆட்டத்தைப் பற்றிப் பேசியது. பின்னாளில் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, ஆடிய ஊர்களில் நீர்ப் பதிவேடு வைப்பதும் நீரெடுப்புக்கு விதி வகுப்பதும் மற்ற ஊர்களைவிடக் கூடியிருந்தன. ஆட்டம் எதையும் நிரூபிக்கவில்லை. விவசாயிக்குத் தெரியாத எதையும் சொல்லவுமில்லை. யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல் அந்தப் பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு கொடுத்தது. ஊருக்குள் அந்தச் சாக்குக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பது ஊரில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் நல்ல செய்தி. இனி மற்றது.

நிலத்தடி நீர்த் திட்டம் முடிந்து நிதி நின்றபின் அந்த ஊர்களுக்குப் போன ஆய்வாளர்கள், அளப்பது பல இடங்களில் நின்றுவிட்டதையும், பயிர்முறை மாற்றம் சொல்லப்பட்ட அளவு ஆழமாக இல்லையென்பதையும் எழுதினார்கள். இதை வைத்துத் திட்டமே பொய் என்று சிலர் வாதிட்டார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. பாடம் கற்றால் மனதில் தங்கும் என்ற பள்ளிக்கூட நம்பிக்கையை ஒரு குழுவின் மேல் ஏற்றிப் பார்ப்பதால் வரும் ஏமாற்றம் அது. நீர்மட்டத்தை அளக்கத் தெரிந்தவருக்கு அது மறந்துபோவதில்லை. ஆனால் ‘மற்றவர்களும் அளக்கிறார்கள், வருகிற கூட்டத்தில் சொல்வார்கள்’ என்ற அறிவுக்கு ஆயுள் அடுத்த கூட்டம் வரைதான். இரண்டு கூட்டம் தவறினால் அது செத்துவிடும், ஒருவர்கூட எதையும் மறக்காமலேயே. மூன்று வருடத் திட்டம், இடைக்கால மதிப்பீடு, இறுதி அறிக்கை என்று ஓடும் நிதி உலகத்துக்கு இந்த வகை அறிவைத் தாங்கும் பொறுமை இல்லை. கிராமத்துக் கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிக்கும் குழு நூறு வருடமாக அழியாமல் இருக்கிறது. அதற்கு யாரும் திட்ட மேலாளர் வைக்கவில்லை.

அதிகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். திட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஆந்திரத்தில் 2004-ல் ஆட்சிக்கு வந்த ராஜசேகர ரெட்டி முதல் வேலையாக விவசாயத்துக்கு இலவச மின்சாரம் அறிவித்தார். தமிழர்களுக்குப் பழகிய ஏற்பாடுதான் இது. நொடித்துப்போன விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் நான் மறுக்க மாட்டேன். ஆனாலும், மோட்டார் ஓடுவதற்கு விலையே இல்லாத இடத்தில், நெல்லுக்கு மட்டும் கொள்முதல் உறுதியாக இருக்கும் இடத்தில், ஊர்ப் பலகையிலுள்ள எண் தன்னந்தனியாகப் போராட வேண்டியிருந்தது.

ஜாவாவில் நிலைமை இன்னும் நேரடியாக இருந்தது. 2015 வாக்கில் அரசு நெல், மக்காச்சோளம், சோயா உற்பத்தியைப் பெருக்கத் தனி முயற்சி ஒன்றைத் தொடங்கி, கிராம அளவில் இராணுவத்தினரையும் அதில் இறக்கியது. அறுவடை முடிந்தால் தாமதிக்காமல் அடுத்த நடவு என்பது நெருக்கடியாக வந்தது. மழை அளந்தவர்களின் நோட்டும் அதற்கு முந்தைய பூச்சிப் பள்ளியின் பாடமும் சொன்னது இதற்கு நேர்மாறு. இடைவெளி விடு, புகையானின் சங்கிலியை அறு, ஒரு போகம் நிலம் சும்மா கிடக்கட்டும். 2017-ல் ஜாவாவில் புகையானும் அது பரப்பும் குட்டை நோய்களும் மறுபடி பெரிய அளவில் வந்தன. கற்ற குழு கற்றதை மறக்கவில்லை. அதன்படி நடக்க விடப்படவில்லை. சீருடை அணிந்தவர் வரப்பில் நின்று எப்போது நடவு என்று கேட்கும்போது, மழை நோட்டைப் பிரித்துக் காட்டுவதற்கு எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? ‘சமூகக் கற்றல்’ பற்றிய கட்டுரைகளில் இந்தக் காட்சி அதிகம் வருவதில்லை. மக்கள் கற்றுக்கொண்டு தகவமைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது சில நேரங்களில், மாற வேண்டிய மற்றவர்கள் மாற வேண்டியதில்லை என்பதை நாசூக்காகச் சொல்வது.

எனக்கு இதைவிடவும் உறுத்துவது ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன நல்ல குழுக்களையும் அது விட்டுவைக்கவில்லை. குழு என்றால் யார்? இந்த்ரமாயுவில் மழை அளக்கிறவருக்கு அளக்க ஒரு வயல் இருக்கிறது, சொந்தமோ குத்தகையோ. ராயலசீமாவின் ரபிக் கூட்டத்தில் பயிர்ப் பட்டியலில் பெயர் வருபவருக்கு ஒரு போர் இருக்கிறது, அல்லது ஒன்றில் பங்கு இருக்கிறது. அந்த ஊரில் போர் இல்லாத குடும்பங்களும் உண்டு. குடிநீர்க் குழாய் அதே பாறையடுக்கிலிருந்துதான் வருகிறது. நெல்லைக் குறைக்கும் முடிவால் முதலில் பயன்பெறுபவர்கள் அவர்களாகக்கூட இருக்கலாம். முதலில் இழப்பவர்களும் அவர்களாக இருக்கலாம். நெல் குறைந்தால் நடவு குறையும், களை எடுப்பு குறையும், அறுவடைக் கூலி குறையும். அந்த வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் நிலமற்ற வீட்டுப் பெண்கள். பத்து ஏக்கர் நெல் கடலைக்கோ சோளத்துக்கோ மாறும்போது தண்ணீர்க் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்பது பலகையில் ஏறுகிறது. எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி போயிற்று என்பது ஏறுவதில்லை. அதை எண்ண மழைமானியளவுக்குக்கூடக் கருவி தேவையில்லை. அந்தப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். வயலில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது, எந்த மூலையில் புகையான் முதலில் விழுந்தது என்பதையும் சேர்த்துத்தான். குனிந்து நடுபவருக்கும் களை பறிப்பவருக்கும் தெரிவதுபோல் வரப்பில் நிற்பவருக்கு அது தெரிவதில்லை. தண்ணீர்க் கணக்குக்குப் பக்கத்தில் கூலிக் கணக்கையும் எழுத ஒரு பத்தி ஒதுக்கினால் ரபிக் கூட்டம் இன்னும் நீளும். சண்டையும் வரும். அந்த வருடம் நெல்லைக் குறைப்பதா என்ற கேள்விக்கு வேறு விடை வந்தாலும் வரலாம்.